போர்க்களம் இல்லாத நார்னியா: ஆறாவது நூலிலிருந்து புதிய படங்களைத் தொடங்குவது சரியா?

பதிவு 1 | பரண்வாசி

நார்னியா என்ற மாய உலகைப் பற்றி சி. எஸ். லூயிஸ் எழுதிய நூல்கள் ஏழின் திரை உரிமையையும் நெட்ஃபிளிக்ஸ் 2018 அக்டோபரில் பெற்றது. ஏழும் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தது அதுவே முதல் முறை. எழுதி இயக்கும் பொறுப்பு கிரேட்டா கெர்விக்கிடம் போனபோது, பனிக்காடும் மர அலமாரியும் வரும் முதல் நூலில்தான் தொடங்குவார் என்று பெரும்பாலோர் எண்ணியிருந்தோம். அவரோ 1955இல் ஆறாவதாக வெளிவந்த 'தி மேஜிஷியன்ஸ் நெஃப்யூ'வை எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தேர்வு சரிதானா என்று பேசவே இந்த இழை. நடிகர் தேர்வைப் பற்றிச் சண்டையிட வேறு இழைகள் ஏராளமாக இருக்கின்றன. தயவுசெய்து அங்கே போங்கள்.

தேர்வு சரி என்பது என் கட்சி. முன்பு வந்த மூன்று படங்களையும் கெடுத்தது ஒரே பழக்கம்தான் என்று நினைக்கிறேன்: நூல் அமைதியாகக் கடந்துபோகும் இடங்களில் எல்லாம் படம் ஒரு படையைக் கொண்டுவந்து நிறுத்தியது. முதல் நூலில் போரின் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. ஆஸ்லான் என்ற சிங்கமும் சிறுமிகளும் களத்துக்கு வந்து சேரும்போது சண்டை முற்றியிருக்கிறது. சூனியக்காரியின் மந்திரக்கோலை எட்மண்ட் என்ற சிறுவன் உடைத்ததைக்கூடப் பின்னர் அவன் அண்ணன் பீட்டர் வாயால்தான் அறிகிறோம். 2005ஆம் ஆண்டுப் படத்திலோ அந்தப் போர்தான் உச்சக்காட்சி. 2008இல் வந்த 'பிரின்ஸ் காஸ்பியன்' படத்தில், நூலில் இல்லவே இல்லாத ஓர் இரவு நேரக் கோட்டைத் தாக்குதல் நடுப்பகுதியை விழுங்கிக்கொண்டது. 2010இல் வந்த கடற்பயணப் படத்தில் பச்சைப் புகை என்றொரு பகைவனையும், தேடித் திரட்ட வேண்டிய ஏழு வாள்களையும் புதிதாகப் புகுத்தினார்கள்.

இந்த ஆறாவது நூலில் அப்படி ஊதிப் பெருக்குவதற்கு ஒரு போர்க்களமே கிடையாது. நோயாளித் தாயை வைத்துக்கொண்டு தவிக்கும் டிகோரி என்ற சிறுவன், தாய்மாமன் ஆண்ட்ரூவின் மந்திர மோதிரங்களால் வேற்றுலகம் போகிறான். அங்கே அடிக்கக் கூடாத ஒரு மணியை அடித்து, உறங்கிக் கிடந்த அரசி ஜேடிஸை எழுப்பிவிடுகிறான். அந்தக் கேட்டுக்குப் பரிகாரமாக ஓர் ஆப்பிளைப் பறித்துவரப் போகிறான். அந்த ஆப்பிளைத் தன் தாய்க்கென்று திருடிக்கொள்ளாமல் இருப்பதுதான் கதையின் உச்சம். ஒரு பிள்ளை ஒன்றைச் செய்யாமல் இருப்பதைப் படமாக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே இந்தக் கதை வசப்படும். கெர்விக் 2019இல் 'லிட்டில் விமன்' நாவலைப் படமாக்கிய விதத்தைப் பார்த்தவன் என்ற முறையில், அவருக்கு அது வசப்படும் என்றே நம்புகிறேன்.

பதிவு 2 | வரிசைப்பித்தன்

பரண்வாசி அவர்களின் காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அது இந்த நூலைப் படமாக்குவதற்கான காரணமே தவிர, முதலில் படமாக்குவதற்கான காரணம் ஆகாது.

லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு நூல்களையும் வெளியிட்டார். எழுதி முடித்த வரிசையில் பார்த்தால் 'தி மேஜிஷியன்ஸ் நெஃப்யூ'தான் கடைசி. கதைக்குள் நடக்கும் கால வரிசைப்படி அதை முதலில் வைக்கும் வழக்கம், 1994இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் எண்களை மாற்றி அச்சிட்டதற்குப் பிறகே நிலைபெற்றது. அப்படி மாற்றியவர்கள், 1957இல் ஒரு சிறுவனுக்கு லூயிஸ் எழுதிய கடிதத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்தக் கடிதத்தில் கால வரிசையைத் தாம் சற்று விரும்புவதாகச் சொல்லிவிட்டு, எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வேறுபாடு இருக்கிறது என்பது என் வாதம். இந்த நூல் முழுவதும் விடைகளால் ஆனது. காட்டின் நடுவே தெருவிளக்கு எப்படி வந்தது, அலமாரிக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது, வீட்டுக்காரப் பேராசிரியர் பிள்ளைகளின் பேச்சை ஏன் நம்பினார் என்ற கேள்விகளை முதல் நூல் எழுப்பிவிட்டுப் போகிறது. லண்டன் தெருவில் ஜேடிஸ் பிடுங்கிய விளக்குக் கம்பத்தின் இரும்புத் துண்டு, புதிதாய்ப் பிறந்த மண்ணில் விழுந்து, முளைத்து, சுடரோடு ஒரு விளக்காக வளர்ந்து நிற்கும் காட்சியில், அந்த விளக்கை ஏற்கெனவே பனியில் பார்த்திருப்பவனுக்குத்தான் மயிர்க்கூச்செறியும். புதிதாக வருபவனுக்கு அது இன்னொரு வேடிக்கை. விடுகதையைப் போடும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறார்கள்.

பதிவு 3 | அரங்கின் ஓரம்

வரிசை பற்றிய வாதத்துக்கு நடைமுறை சார்ந்த ஒரு பதில் உண்டு. முதல் நூல் ஏற்கெனவே தேய்ந்துபோகும் அளவுக்குப் படமாக்கப்பட்டுவிட்டது. 1967இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடராகவும், 1979இல் பில் மெலெண்டெஸின் கார்ட்டூன் படமாகவும், 1988இல் பி.பி.சி. தொடராகவும், 2005இல் திரைப்படமாகவும் அது வந்திருக்கிறது. பி.பி.சி. நான்கு நூல்களோடு நிறுத்திக்கொண்டது. 2005 முதல் படங்களை எடுத்த வால்டன் மீடியா மூன்றோடு நின்றது. ஆறாவது நூலை இவர்களில் ஒருவரும் தொடவில்லை. விளக்குக் கம்பத்தை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது என்பதே கெர்விக்குக்குக் கிடைத்திருக்கும் வசதி.

போர்க்களங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றை இயக்குநர்களின் ரசனைக் குறை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. 2001 முதல் 2003 வரை 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் ஈட்டிய பணம் எல்லாத் தயாரிப்பாளர்களின் கண்ணையும் பறித்திருந்த காலம் அது. 2005ஆம் ஆண்டுப் படத்தை அதே நியூசிலாந்தில் எடுத்தார்கள். அதே வீட்டா பட்டறையில்தான் வாள்களும் கவசங்களும் தயாராயின. அந்தப் படம் உலகெங்கும் ஏறத்தாழ 74 கோடி டாலர் வசூலித்ததும், போர்தான் சரக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த படத்துக்கு 22 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2008 மே மாதத்தில் 'அயர்ன் மேன்' படத்துக்கும் இண்டியானா ஜோன்ஸ் படத்துக்கும் நடுவில் கொண்டுபோய் இறக்கினார்கள். வசூல் ஏறத்தாழ 42 கோடியாகச் சுருங்கியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே டிஸ்னி விலகிக்கொண்டது; மூன்றாவது படத்தை ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது. 2011இல் வால்டனின் உரிமைக் காலமும் முடிந்துபோனது. நான்காவது நூலான 'தி சில்வர் சேர்' வரப்போகிறது, வரப்போகிறது என்று 2013 முதல் சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் வரவே இல்லை.

மேலும், இந்த நூலில் போரே இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சார்ன் என்ற அந்த மாண்ட உலகின் மேல்மாடத்தில் நின்றுகொண்டு ஜேடிஸ் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறாள் என்று திரும்பப் படித்துப் பாருங்கள். அரியணைக்காகத் தன் சகோதரியோடு நடத்திய போர், மூன்று நாள் ஓடிய சண்டை, கடைசியில் தன்னைத் தவிர உயிருள்ள எல்லாவற்றையும் அழித்த ஒற்றைச் சொல் என்று எல்லாமே அங்கே இருக்கிறது. நூலில் ஓரிரு பக்கத்தில் முடியும் பேச்சு அது. அதைக் கண்முன் நடத்திக் காட்ட ஐமேக்ஸ் திரை அகலத்துக்கு இடம் இருக்கும்போது, எந்தத் தயாரிப்பாளரின் கை சும்மா இருக்கும்?

பதிவு 4 | பரண்வாசி

அரங்கின் ஓரம் அவர்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். எனக்கு இருக்கும் அச்சமும் அதுதான். ஆனால் அந்தப் போரைக் காட்டினால் அக்காட்சியின் கொடூரமே குறைந்துவிடும் என்பதை இயக்குநர் உணர்வார் என்று நம்ப எனக்குக் காரணம் உண்டு. அந்த மாடத்திலிருந்து கீழே பார்த்தால் தெரிவது வறண்ட ஆற்றுப் படுகையும், வெற்றுக் கட்டடங்களும், செத்துக்கொண்டிருக்கும் பெரிய சிவந்த சூரியனும் மட்டுமே. தன் குடிமக்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் என் மக்கள், என் விருப்பத்தைச் செய்வதைத் தவிர வேறு எதற்காக இருந்தார்கள் என்ற பொருள்படக் கேட்கிறாள். அந்தக் குரலையும் அந்த வெறுமையையும் பிள்ளைகளின் முகத்தையும் வைத்தாலே போதும்.

அதே சார்னில், மணியை அடிக்க வேண்டாமென்று உடன் வந்த சிறுமி பாலி தடுக்கும்போது, டிகோரி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டு, மறு கையால் சுத்தியலை எடுத்து அடிக்கிறான். நூலிலேயே எனக்கு மிகவும் வலித்த வன்முறை அதுதான். கதாநாயகன் நல்ல பிள்ளையாகவே தெரிய வேண்டுமென்று சொல்லி யாரோ ஒருவர் இதை நீக்கச் சொல்வார். நீக்கினால், பின்னால் ஆஸ்லானின் முன் நின்று அவன் உண்மையை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ளும் இடத்தில் ஒப்புக்கொள்வதற்கு அவனிடம் ஒன்றுமே இருக்காது.

பதிவு 5 | சேற்றுக்கால்

கால மாற்றத்தைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லையே? 2025இல் லண்டனில் நடந்த படப்பிடிப்பின் படங்களில் 1950களின் கார்களும் சுவரொட்டிகளும் தெரிந்தன. கதையோ ஷெர்லாக் ஹோம்ஸ் பேக்கர் தெருவில் குடியிருந்த காலத்தில் நடப்பதாகத்தான் முதல் பக்கத்திலேயே லூயிஸ் சொல்லிவிடுகிறார். அதாவது ஏறத்தாழ 1900.

குதிரை வண்டி எங்கே போகும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். வண்டிக்காரர் ஃபிராங்கும் அவருடைய குதிரை ஸ்ட்ராபெரியும் இல்லாமல் கதையே நடக்காது என்பது உண்மைதான். ஆனால் நிலக்கரி வண்டிகளையும் பழைய சாமான் வண்டிகளையும் 1950களின் லண்டனில் குதிரைகள் இழுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆகவே அது பெரிய சிக்கல் இல்லை.

என் சிக்கல் வேறு. நூலின் முடிவில் ஆஸ்லான் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. சார்னை அழித்த சொல்லைப் போன்ற ஒரு கொடிய இரகசியத்தை உங்கள் உலகத்திலும் எவனாவது ஒருவன் கண்டுபிடித்துப் பயன்படுத்திவிடக்கூடும். நீங்கள் முதுமையடையும் முன்பே உங்கள் பெரிய நாடுகளைக் கொடுங்கோலர்கள் ஆளுவார்கள் என்கிறது. 1900இல் வாழும் பிள்ளைகளிடம் அதைச் சொல்வதாக, ஹிரோஷிமா நடந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நூலில் லூயிஸ் எழுதியிருக்கிறார். படிப்பவருக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் அந்த வரியின் முழு அச்சமும் இருக்கிறது. கதையை 1955க்கு நகர்த்தினால் ஹிட்லரும் போய்விட்டான், அணுகுண்டும் விழுந்தாகிவிட்டது. எச்சரிப்பதற்கு என்ன மிச்சம்?

பதிவு 6 | கேள்விச்செவி

சேற்றுக்கால் சொன்னதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். 1955இன் லண்டன் பிள்ளைகள் குண்டுவீச்சில் இடிந்த வீட்டு மனைகளில் விளையாடியவர்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளை சார்னின் இடிபாடுகளுக்கு நடுவே நிற்கும்போது, அது அவனுக்கு முற்றிலும் அந்நியமான காட்சியாக இருக்காது. ஆஸ்லானின் சொல்லும் அப்போது எச்சரிக்கையாக இல்லாமல் குற்றச்சாட்டாக ஒலிக்கும். நூலின் அச்சம் அதுவல்ல என்பதை ஏற்கிறேன்; ஆனால் அதுவும் ஓர் அச்சம்தான்.

எனக்கு இந்தப் படத்தில் உள்ள உண்மையான ஆர்வம் ஒலியைப் பற்றியது. இந்த நூல் கண்ணைவிடக் காதுக்காகவே அதிகம் எழுதப்பட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உலகங்களுக்கு இடையே உள்ள காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பறவை இல்லை, பூச்சி இல்லை, காற்று இல்லை. மரங்கள் வேரால் நீரை உறிஞ்சி வளர்வதே காதில் விழும் அளவுக்கு அமைதி. சில கெஜத்துக்கு ஒன்றாகச் சிறு குளங்கள். ஒவ்வொன்றும் ஓர் உலகத்துக்கு வாசல். ஆண்ட்ரூ மாமா சோதனைக்காக மோதிரத்தை முதுகில் கட்டி அனுப்பிவைத்த கினிப்பன்றி அங்கே நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கும். வந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு மயக்கம் தரும் அந்த இடத்தில் பின்னணி இசையை ஓட விட்டால், பிறகு எதைச் செய்தாலும் பயனில்லை.

அடுத்தது நார்னியா பிறக்கும் இடம். கும்மிருட்டு, காலடியில் ஏதோ தரை இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, நேரத்தைப் போக்குவதற்குப் பாட்டுப் பாடுவோம் என்று சொல்லி, வண்டிக்காரர் அறுவடைக்கு நன்றி கூறும் ஒரு தேவாலயப் பாடலைத் தொடங்குகிறார். பயிர் பச்சையே முளைத்திராத இருட்டில் அறுவடைப் பாட்டு! லூயிஸ் எவ்வளவு குறும்பாகவும் எவ்வளவு அன்பாகவும் அதை அங்கே வைத்திருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் வியப்பேன். அதன் பிறகுதான் தொலைவில் வேறொரு குரல் எழுகிறது. சொற்கள் கிடையாது, மெட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் குரலோடு இணைந்து உச்சத்தில் எண்ணற்ற குரல்கள் எழும் கணத்திலேயே வானம் முழுவதும் விண்மீன்கள் பூக்கின்றன. பாடுவது சிங்கம் என்பது சூரியன் உதித்த பிறகே தெரியவருகிறது.

இதற்கு இசையமைப்பது ஒரு சோதனை என்றால், ஆண்ட்ரூ மாமா அதைவிடக் கடினமான சோதனை. அதே பாட்டு அவர் காதில் வெறும் உறுமலாக விழுகிறது. சிங்கமாவது, பாடுவதாவது என்று தமக்குத் தாமே சொல்லிச் சொல்லி, கடைசியில் உண்மையாகவே வேறெதுவும் கேட்காதபடி தம் செவியைக் கெடுத்துக்கொள்கிறார். நூலில் லூயிஸ் சற்றே பின்னோக்கிச் சென்று, நடந்ததெல்லாம் அவருக்கு எப்படித் தோன்றியது என்று தனியாக விளக்குகிறார். படத்தில் ஒரே காட்சிக்கு இரண்டு ஒலித்தடங்கள் வேண்டும். பேசும் விலங்குகள் இவர் மிருகமா, மரமா என்று தங்களுக்குள் வாதிட்டு, குழி தோண்டி நட்டுத் தண்ணீர் ஊற்றும் கூத்து முழுவதும் அவருடைய செவியில் குரைப்பும் ஊளையுமாகவே கேட்க வேண்டும். பார்ப்பவர் சிரிப்பதும் அவருக்காக நடுங்குவதும் அந்த ஒலிக் கலவையைச் செய்பவரின் கையில்தான் இருக்கிறது.

பதிவு 7 | வரிசைப்பித்தன்

கேள்விச்செவி அவர்களின் பதிவைப் படித்த பிறகு படத்தைப் பார்க்கும் ஆவல் கூடிவிட்டது; வரிசை பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

பதிவு 8 | அரங்கின் ஓரம்

ஒலி என்றதும் ஆஸ்லானின் குரல் நினைவுக்கு வருகிறது. அதற்காக நடிகை மெரில் ஸ்ட்ரீப்புடன் பேச்சு நடப்பதாக 2025 ஏப்ரலில் செய்தி வந்ததிலிருந்து இணையத்தில் நடக்கும் சண்டையை இங்கே இறக்குமதி செய்ய நான் விரும்பவில்லை. லூயிஸ் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இரு தரப்பினரும் கேட்டுக்கொள்வதால் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 1959 டிசம்பரில் பி.பி.சி.யின் லான்ஸ் சீவ்கிங்குக்கு எழுதிய கடிதத்தில், தம் கதையைத் தொலைக்காட்சியில் நடிகர்களைக் கொண்டு எடுப்பதையே லூயிஸ் அடியோடு எதிர்த்தார். பேசும் விலங்குகளை எழுத்திலிருந்து கண்முன் கொண்டுவந்தால் அவை கோமாளித்தனமாகவோ கெட்ட கனவாகவோ ஆகிவிடும் என்பது அவர் அச்சம். மனிதன் வேடம் கட்டிய ஆஸ்லான் தமக்குத் தெய்வ நிந்தனை என்றே எழுதினார். கார்ட்டூன் என்றால் வேறு விஷயம் என்றார். 1988ஆம் ஆண்டு பி.பி.சி. தொடரில் மனிதர்கள் உள்ளிருந்து இயக்கிய அந்தப் பெரிய சிங்கப் பொம்மையைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. 2005இல் கணினியில் உருவாக்கிய சிங்கத்துக்கு லியாம் நீசன் குரல் கொடுத்தபோது, லூயிஸின் அச்சங்களில் ஒன்றாவது தீர்ந்தது.

பதிவு 9 | பரண்வாசி

குரல் யாருடையதாக இருந்தாலும், அந்தச் சிங்கம் அழ வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. டிகோரி தன் தாயைக் குணப்படுத்த ஏதாவது தரக்கூடாதா என்று கேட்கிறான். அதுவரை அதன் பெரிய பாதங்களையும் நகங்களையுமே பார்த்துக்கொண்டிருந்தவன், ஆற்றாமையால் தலை நிமிர்ந்து பார்த்தால், சிங்கத்தின் கண்களில் தன் கண்ணீரைவிடப் பெரிய நீர்த்துளிகள் நிற்கின்றன. லூயிஸின் தாய் 1908 ஆகஸ்ட்டில் பெல்ஃபாஸ்டில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அந்தப் பிள்ளையின் வேண்டுதல் பலிக்கவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து எழுதிய கதையில் வேறொரு பிள்ளைக்கு அதைப் பலிக்கச் செய்திருக்கிறார்.

இதனால்தான் கால மாற்றத்தைப் பற்றி எனக்கும் ஒரு கவலை உண்டு. அது சேற்றுக்கால் சொன்னது அல்ல. நூலில் தாய் அதே வீட்டின் ஓர் அறையில் படுத்திருக்கிறாள். பிள்ளைகள் சத்தம் போடாமல் நடக்கிறார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர் திராட்சை கொடுத்துவிட்டுப் போகும்போது, இனி இளமை நாட்டின் பழம் கிடைத்தால்தான் உண்டு என்ற பொருளில் தாயின் சகோதரி லெட்டி சொல்வது கதவு வழியே டிகோரியின் காதில் விழுகிறது. வேற்றுலகங்கள் இருப்பதை அறிந்தவனுக்கு அந்த வெற்றுப் பேச்சு நம்பிக்கையாக மாறுகிறது. ஜேடிஸ் வீட்டுக்குள் நுழைந்ததும், அவள் தாயின் அறைக்குப் போய்விடுவாளோ என்பதே அவனுடைய முதல் பயம். 1955 என்றால் தேசிய மருத்துவச் சேவை வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருக்கும். அத்தனை முற்றிய நோயாளியை மருத்துவமனையில் காட்டினால், வீடு முழுவதும் பரவியிருக்கும் அந்தத் திகில் போய்விடும். எந்த ஆண்டாக வேண்டுமானாலும் இருக்கட்டும், தாயை மட்டும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பாமல் இருந்தால் சரி.

பதிவு 10 | சேற்றுக்கால்

அதை ஏற்கிறேன். ஆனால் கால மாற்றத்தின் வட்டியை அடுத்த படத்தில்தான் கட்ட வேண்டியிருக்கும். டிகோரியும் பாலியுமாக நடிக்கும் பிள்ளைகளுக்கு அடுத்த கதையில் வேலை இல்லை. தொடர்ந்து வரக்கூடிய முகம், முதல் நூலில் சூனியக்காரியாக வரும் ஜேடிஸுடையது மட்டுமே. அவளுக்காகவே இரண்டாவது படமாக அலமாரிக் கதையை எடுப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அந்தக் கதையில் நான்கு பிள்ளைகள் லண்டனைவிட்டுப் பேராசிரியரின் வீட்டுக்கு வருவதற்குக் காரணம் விமானக் குண்டுவீச்சு. லூயிஸ் வகுத்த காலக்குறிப்பின்படி டிகோரி 1888இல் பிறந்து, 1900இல் நார்னியாவின் பிறப்பைக் கண்டு, 1940இல் அந்தப் பேராசிரியராக இருக்கிறார். அதே 40 ஆண்டு இடைவெளியை வைத்தால் புதிய படத்தின் பேராசிரியர் 1995இல் நிற்பார். இடைவெளியே வேண்டாம் என்று விட்டால், பேராசிரியர் டிகோரியாக இருக்க முடியாது. அலமாரி செய்யப் பயன்பட்ட ஆப்பிள் மரமும் அவர் தோட்டத்தில் வளர்ந்ததாக இருக்க முடியாது. 1995இல் பிள்ளைகளை லண்டனிலிருந்து அனுப்பிவைக்க கெர்விக் என்ன காரணம் சொல்லப்போகிறார் என்று இந்த இழையில் யாராவது ஊகித்துச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.